பை முன்னால், அம்மா பின்னால்: செந்துறையிலிருந்து ஓர் ஆபரேஷன் பயணம்

2025 மார்ச் 11, செவ்வாய், அதிகாலை 4.40. காரில் ஆள் மூன்று: அம்மா, நான், வாடகை வண்டி சேகர் அண்ணன். பை இரண்டு. மூன்றாவது பை முந்தின நாளே பெரம்பலூர் போய்விட்டது. அதுதான் தலைவலி.

முதலில் காரணம். அம்மாவுக்கு முகம் திடீரெனக் குப்பென்று சிவக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது. வயசுக் கோளாறு என்றார்கள். நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் கட்டி என்று பிறகுதான் தெரிந்தது. கல்லீரலில் கட்டியின் ஒரு துணுக்கு தெரிந்தது; அது கிளம்பிய இடம் எந்த ஸ்கேனிலும் பிடிபடவில்லை. போன வருடம் ஓரிடத்தில் வயிற்றைத் திறந்து, தேடி, கிடைக்காமல் தைத்துவிட்டார்கள்.

இந்த முறை சென்னையில். ஆபரேஷனுக்கு முன் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். அது கட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும். பேனா போன்ற கருவியை வயிற்றுக்குள் நகர்த்தினால், கட்டி இருக்கும் இடத்தில் அதன் சத்தம் கூடும். ஆறு மணி நேரத்தில் மருந்தின் வீரியம் பாதியாகிவிடும். புதன் காலைக்கென்றே வரவழைக்கிறார்கள்; நாள் மாற்ற முடியாது. செவ்வாய் மதியம் ஒரு மணிக்குள் அட்மிஷன்.

ஆனால் செவ்வாயன்று வடக்கே சூலம். அந்தத் திசையில் கிளம்பக் கூடாதாம். அம்மா கண்ட வழி பரஸ்தானம். திங்களன்றே நல்ல நேரத்தில் ஒரு பையைப் பெரம்பலூர் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பை கிளம்பினால் பயணமும் கிளம்பிய கணக்கு. போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாமாம். வழியா அது? நேர்வழி பெண்ணாடம், வேப்பூர். பெரம்பலூர் நாற்பது கி.மீ.க்கு மேல் சுற்று.

"அந்தப் பையில என்னம்மா இருக்கு?"

"ரெண்டு சேல, ஒரு துண்டு."

"சென்னையில வாங்கித் தரேன். அண்ணே, பெண்ணாடம் போங்க."

சேகர் அண்ணன் வண்டியை அரியலூர் பக்கம் திருப்பினார். "பைய வுட்டுட்டு வடக்க போவணும்னா வேற டிரைவரப் பாத்துக்குங்க சார்."

அரியலூரில் சிமென்ட் லாரி வரிசை. இருபது நிமிடம் போச்சு. 6.20க்குப் பெரம்பலூர். சித்தி வாசலிலேயே பையோடு நின்றார். நான் கதவைத் திறந்தேன்.

"எறங்காதடா! கெளம்பின பயணம் நடுவுல நிக்கக் கூடாது. அப்புடியே போங்க!"

"காபி சித்தி..."

"வர்றப்ப குடிச்சுக்க." பை ஜன்னல் வழியாக என் மடியில் விழுந்தது.

நாற்கரச் சாலை கைகொடுத்தது. 12.10க்கு ஆஸ்பத்திரி.

புதன் காலை ஊசி போட்டவர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அம்மா என் பக்கம் திரும்பினார். "மருந்த முந்தி அனுப்பிட்டு டாக்டர் பின்னால வராரு. இதுவும் பரஸ்தானந்தானடா?" ஊசி போட்டவர் அப்படியென்றால் என்னவென்று என்னைக் கேட்டார். நானே விளக்க வேண்டியதாயிற்று.

ஆபரேஷன் மூன்றரை மணி நேரம். வெளியே வந்த டாக்டர், "கிடைச்சுடுச்சு," என்றார். சிறுகுடலின் கடைசிப் பகுதியில், ஒன்பது மில்லிமீட்டர். கையால் தடவியபோது தெரியவே இல்லையாம், கருவிதான் கத்தியிருக்கிறது. அதையும் கல்லீரல் துணுக்கையும் எடுத்த பிறகு கருவி அடங்கிவிட்டது. நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் அந்தப் பை.

போகிறவர்களுக்கு: இந்த மருந்து எல்லாக் கட்டியிலும் ஒட்டாது. ஒட்டுமா என்று முன்கூட்டியே ஸ்கேனில் பார்த்துவிடுவார்கள், கேளுங்கள். அரியலூரை ஐந்து மணிக்கு முன் தாண்டிவிடுங்கள்.

இனி நான் செய்யப்போவது:

1. பழைய ஆஸ்பத்திரியோடு சண்டைக்குப் போவதில்லை. அவர்களிடம் அந்தக் கருவி இல்லை, அவ்வளவுதான்.
2. மூன்று மாதத்தில் அம்மாவை மறு ஸ்கேனுக்கு அழைத்துப் போவது. தேதி வாங்கியாயிற்று. அதுவும் செவ்வாய்.
3. முந்தின நாள் பெரம்பலூருக்குப் பையை நானே கொண்டுபோய் வைப்பது. அன்றைக்காவது காபி குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.