என் வகுப்புக்கு டெமோ எடுக்க வந்தவர்

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் பழையபடி நடக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நவம்பர் மாதம். அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு வழியாக வெயில் தணிந்து, வகுப்பு ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்கிற நிலைமை வந்திருந்தது. திறந்தால் கல் குவாரித் தூசி வந்து மேஜையில் படியும். பரவாயில்லை, ஏசி இல்லாத காற்று வருகிறதே என்று திறந்து வைப்போம்.

நான் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சொந்த ஊர் கரூர். கணவருக்கு ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை. மகன் என் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். டீச்சர் பிள்ளை என்பதால் ஃபீஸில் பெரிய சலுகை. என் வேலை போனால் சலுகையும் போகும், பன்னிரண்டாம் வகுப்புக்கு அவனை ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இது எனக்குத் தெரியும் என்பதால்தான் அந்தப் பருவம் முழுவதும் ஒரு பயத்தோடே திரிந்தேன்.

காரணம் இதுதான். ஜனவரியில் அரசாங்கத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷன் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து பார்த்து, பள்ளிக்கு ஒரு தரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதற்கு முன்னோட்டமாக எங்கள் சூப்பர்வைசர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். நான் போர்டில் ஒரு படகு வரைந்தேன். பிள்ளைகளும் படகு வரைந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்கிறதே, இதில் பிள்ளையின் சொந்த யோசனை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு வரையச் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். சரி, வேறு எப்படி நடத்த வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் கணக்கு டீச்சராக இருந்து சூப்பர்வைசர் ஆனவர். "அதை நீங்கதானே சொல்லணும், மேம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவருக்கும் தெரியாது.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு அடிக்கடி ட்ரெய்னிங் நடக்கும். கணக்குக்கு, சயின்ஸுக்கு, இங்கிலீஷுக்கு என்று துபாயிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த நாட்களில் ஓவிய டீச்சருக்கு வேறு வேலை தயாராக இருக்கும். மேடைக்கு பேக்ட்ராப் வரைவது, நோட்டீஸ் போர்டு ஒட்டுவது, வருகிற ட்ரெய்னருக்கு வரவேற்பு சார்ட் எழுதுவது. மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கும்போது நான் வெளியே கத்தரிக்கோலும் பசையுமாக நிற்பேன். ஆறாவதிலிருந்து மேலே எல்லா வகுப்புக்கும் நான் ஒருத்திதான் ஓவிய டீச்சர். சந்தேகம் வந்தால் கேட்கக்கூட ஆள் கிடையாது.

அன்றைக்கு ஸ்டோர் ரூமிலிருந்து சார்ட் பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆர்ட் ரூமுக்கு வந்தேன். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் விசிட்டர் அட்டை, தோளில் கனமான துணிப்பை. என்னைப் பார்த்ததும் சிரித்து, இதுதானே ஆர்ட் ரூம், எனக்கு மூன்றாவது பீரியட் டெமோ கிளாஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு ஆசிரியரை நிஜ வகுப்பில் நடத்தச் சொல்லிப் பார்ப்பதுதான் டெமோ. மூன்றாவது பீரியட் ஆறு பி. அது என் வகுப்பு. பள்ளியில் ஓவியத்துக்கு இருப்பது ஒரே ஒரு வேலை.

சார்ட் கட்டு கையிலிருந்து நழுவியது. "ஐயோ" என்று குனிந்தேன். அவரும் குனிந்து பொறுக்கினார்.

"நீங்கள் தமிழோ?" என்றார். இலங்கைத் தமிழ். "நீங்கள் இங்க என்ன பாடம் எடுக்கிறீங்கள்?"

"ஓவியம்தாங்க" என்றேன்.

அவர் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பொறுக்கிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "இருந்த டீச்சர் விட்டிட்டுப் போயிட்டா எண்டுதான் எனக்குச் சொன்னவை" என்றார். நான் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டேன். மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள்.

பிரின்ஸிபாலும் சூப்பர்வைசரும் வந்து பின்னால் உட்கார்ந்தார்கள். நான் வெளியே போகத் திரும்பினேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், நீங்களும் இருங்கள் என்றார். என் வேலைக்கு வந்தவர் என் வகுப்பை நடத்துவதை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது.

அவர் போர்டில் எதுவும் வரையவில்லை. பையிலிருந்து பழுப்பு நிறப் பேக்கிங் பேப்பரை எடுத்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். நன்றாகக் கசக்கி, பிறகு கொஞ்சம் விரித்து மேஜைமேல் மலை மாதிரி நிறுத்தச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு காகித மலையிலும் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. "கோடு போடக் கூடாது. எங்கே இருட்டாக இருக்கிறதோ அதை மட்டும் பென்சிலால் தேயுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மலை. எதுவும் இன்னொன்று மாதிரி வராது. இத்தனை வருடத்தில் இதை ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லையே என்று இருந்தது.

ஆனால் வகுப்பு அவர் நினைத்தபடி போகவில்லை. கோடு போடாமல் வரைந்தே பழக்கமில்லாத பிள்ளைகள். "மேம், அவுட்லைன்?" "மேம், ரப்பர் யூஸ் பண்ணலாமா?" என்று நாலு பக்கமும் கேள்வி. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். பின்வரிசையில் காகித மலைகள் பந்துகளாகிப் பறக்கத் தொடங்கின. அவர் ஒருவனை அடக்கினால் இன்னொருவன் எழுந்தான். யார் பெயரும் அவருக்குத் தெரியாது. அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. பிரின்ஸிபால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நல்ல மனது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அது என் வகுப்பு, என் பிள்ளைகள், பழக்கத்தில் கால் தானாக நடந்துவிட்டது. பந்து எறிந்த இரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அடங்கிவிட்டார்கள். அழுதவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எப்போதும் "மிஸ், நீங்களே வரைஞ்சு குடுங்க" என்று என்னிடம் நோட்டை நீட்டுகிறவள். அவள் காகித மலையில் ஒரு மடிப்பைக் காட்டி, இந்த இருட்டு மட்டும் போதும், மற்றதை விட்டுவிடு என்றேன். தேய்த்தாள். அப்புறம் அடுத்த இருட்டு. வரிசை வரிசையாக நான் போனேன், முன்னாலிருந்து அவர் வந்தார். பீரியட் முடியும்போது வகுப்பில் பென்சில் உரசும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மதியம் ஆர்ட் ரூமில் பெயின்ட் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. டெமோவுக்கு வந்தவர் உள்ளே வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவை எனக்கு வேலை தாறம் எண்டு சொல்லியிருக்கினம்" என்றார். "உங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டன். எனக்கும் வேலை வேணும். என்ர வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியை மூடிப் போட்டாங்கள்."

நான் தலையாட்டினேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இந்த ஊரில் வேலை போனால் எல்லாமே ஆட்டம் கண்டுவிடும் என்பது யாருக்குத் தெரியாது?

"உங்களை ஒரு ட்ரெய்னிங்குக்காவது அனுப்பினவையோ?"

மேடைக்கு பேக்ட்ராப் வரையும் கதையைச் சொன்னேன். சிரிப்பாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மீதித் தட்டுகளைத் துடைத்து அடுக்கினார். போகும்போது, பிரின்ஸிபாலிடம் யோசித்துச் சொல்ல நேரம் கேட்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். கணவர் "பாத்துக்கலாம், விடு" என்றார். மகன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த வாரம் பிரின்ஸிபால் கூப்பிட்டார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். டெமோ எடுத்தவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார். பிரின்ஸிபால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். கேஜி பிள்ளைகளுக்கும் சின்ன வகுப்புகளுக்கும் தனி ஓவிய டீச்சர் இல்லை, வகுப்பு டீச்சர்களே கலரிங் புத்தகத்தை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைத் தனக்குத் தரும்படி இவர் கேட்டிருக்கிறார். பெரிய வகுப்பு வேலையைவிட அதற்குச் சம்பளம் குறைவு என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறார். பெரிய வகுப்புகள் என்னிடமே இருக்கட்டும், வாரத்தில் ஒரு பீரியட் எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கொடுங்கள், இன்ஸ்பெக்‌ஷனில் சரியில்லை என்றால் இரண்டு பேரையும் அனுப்பிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். பிரின்ஸிபாலும் ஒத்துக்கொண்டிருந்தார்.

"அந்த வகுப்பு நல்லாப் போனதுக்கு இவாதான் காரணம் எண்டு சொன்னனான்" என்று வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாராந்திர பீரியட்தான் எனக்குக் கிடைத்த முதல் ட்ரெய்னிங். மற்ற நாட்களில் ஓய்வு கிடைக்கும்போது அவர் என் வகுப்பில் வந்து உட்காருவார், நான் அவர் வகுப்பில் போய் உட்காருவேன். அந்தப் பீரியடில் மூடி மறைக்காமல் பேசுவோம். எந்த இடத்தில் பிள்ளைகள் கண் விரிந்தது, எந்த இடத்தில் கொட்டாவி விட்டார்கள் என்று. கேள்வியைக் கேட்டுவிட்டு உடனே பதிலையும் நானே சொல்லிவிடுகிறேன் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கொழும்பில் நாலைந்து பேரை வைத்து வீட்டில் வகுப்பு எடுத்தவர். முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேய்க்க அவருக்கு வராது. பெயிண்டை யார் கையில் கொடுப்பது, தண்ணீர் டப்பாவை எங்கே வைப்பது, சுட்டிப் பிள்ளைக்கு எந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்பதெல்லாம் நான் காட்டிக் கொடுத்தேன். சில நாள் சண்டையும் வந்தது. போர்டில் வரைந்து காட்டுவதே பாவம் என்பது அவர் கட்சி. தூரிகையைப் பிடிக்கும் விதத்தைக்கூடக் காட்டாமல் எப்படி என்பது என் கட்சி. அதில் இன்றுவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

ஜனவரியில் இன்ஸ்பெக்டர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். மேஜைகளில் தாங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்பு, பாத்திரம், பொம்மை என்று ஆளுக்கொன்றை வைத்துப் பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். டெமோ அன்று அழுத அதே பெண் தன் அப்பாவின் சேஃப்டி ஷூவைக் கொண்டு வந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் குனிந்து, ஏன் இந்தப் பக்கம் கோடே இல்லை என்று கேட்டார். "அங்கே கோடு இல்லையே, சார். பாருங்க" என்று ஷூவைத் திருப்பிக் காட்டினாள். அவர் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

எங்கள் இருவர் வேலையும் நிலைத்தது. மகன் பன்னிரண்டாம் வகுப்பை அங்கேயே முடித்தான்.

அதற்குப் பிறகு மற்ற பள்ளிகளில் இருக்கும் ஓவிய டீச்சர்களையும் தேடிப் பிடித்தோம். ஷார்ஜா, அஜ்மான், துபாய் என்று ஒவ்வொரு பள்ளியிலும் முன்பு நான் இருந்தது போல ஒற்றை ஆள்தான். மலையாளி, பாகிஸ்தானி, எகிப்துக்காரர், பிலிப்பினோ என்று எல்லாரும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை துபாய் அல் கூஸில், எங்களில் ஒருவரின் தம்பி நடத்தும் ஃபிரேம் கடைப் பின்கட்டில் கூடுகிறோம். ஒருவர் மற்றவர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும். மற்றவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். முதல் கூட்டத்தில் ஒரு எகிப்து ஆசிரியர், பதினைந்து வருடத்தில் இன்னொரு ஓவிய ஆசிரியரோடு இப்படிப் பேசுவது இதுதான் முதல் தடவை என்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அதே கதைதான்.

போன வருடம், அன்று டெமோவுக்கு வந்த அவருடைய கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதுதான், இத்தனை நாள் மனதிலேயே வைத்திருந்ததைக் கேட்டேன். ஏன் அப்படிச் செய்தீங்க, பெரிய வேலையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று.

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அண்டைக்கு வகுப்பு என்ர கையை விட்டுப் போகேக்க நீங்கள் எழும்பி வந்தனீங்கள். பேசாமல் இருந்திருந்தா நான் ஃபெயில். உங்கட வேலை உங்களுக்கே இருந்திருக்கும். அது தெரிஞ்சும் வந்தனீங்கள். அதுக்குப் பிறகு நான் எப்பிடி அந்த வேலையை எடுக்கிறது?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு ரசம் கேட்டார்.

எனக்கு அது தெரிந்திருந்ததா? சத்தியமாக இல்லை. அவர் ஃபெயில் ஆனால் நான் தப்பிப்பேன் என்ற கணக்கு அன்றைக்கு என் மண்டையில் ஓடவே இல்லை. ஆனால் அவர் அப்படி எடுத்துக்கொண்டு, தன் பிழைப்பில் பாதியை எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு யாராவது புதிதாக வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வாசலில் தயங்கி நின்றால், நான் முதலில் எழுந்து போய் அவர் கைப்பையை வாங்கி வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுகிறேன். தெரியாமல் செய்த ஒன்றுக்கே அவ்வளவு கிடைத்த எனக்கு, தெரிந்து செய்வதில் என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது?