செலின் வளர்த்த குட்டைச் செடி

போன வாரம் என் மகள் கடையிலிருந்து ஒரு லட்டுப் பாக்கெட் வாங்கிவந்தாள். 'ராஜ்கீரா' என்று போட்டிருந்தது. "இது என்ன விதைம்மா?" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். தண்டுக்கீரைக்குச் சொந்தக்காரச் செடி, வடக்கே மலைப்பக்கம் விதையைப் பொரித்து வெல்லப்பாகில் உருட்டுவார்கள், நாம்தான் கீரையைத் தின்றுவிட்டு விதையைக் கண்டுகொள்வதில்லை என்று நான் ஆரம்பித்ததும் அவள் செல்போனை எடுத்துக்கொண்டாள். ஒன்றை வாயில் போட்டேன். பொரிந்த விதையின் அந்த மண்வாசம் ஏறியதும் பழைய வயல் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் நான் இந்தச் செடியோடுதான் வேலை பார்த்தேன். லாஸ்பேட்டை தாண்டிச் செம்மண் மேட்டில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். எங்கள் தலைவரை எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். கோபம் வந்தால் பிரெஞ்சில் திட்டுவார். புரியாததால் நாங்களும் நிம்மதியாக வாங்கிக்கொள்வோம். அதிகம் தண்ணீர் கேட்காத தானியம், சத்துள்ள தானியம், ஏழைகளின் தட்டுக்கு இது வரவேண்டும் என்பது அவர் ஆசை.

செடிகள் ஆள் உயரம். உச்சியில் சிவப்புக் கதிர். முள்ளுக்கீரையின் மகரந்தம் காற்றில் வந்து கலந்துவிட்டால் வெள்ளை விதை அடுத்த தலைமுறையில் கறுத்துவிடும். அதனால் கதிருக்கெல்லாம் காகிதப் பை மாட்டுவோம். வேலியோரம் போகிற பெண்கள், "கீரைக்கு எதுக்கும்மா குல்லா?" என்று சிரிப்பார்கள்.

பை மாட்டுவதில் என்னோடு இருந்தவள் செலின். முத்தியால்பேட்டைப் பெண். அவள் அப்பா மில்லில் நெசவுப் பக்கம் இருந்தவர். என்னைவிட இளையவள், என்னைவிடக் கெட்டிக்காரி. மலையிலிருந்து வந்த செடிகள் நம் ஊர் ஐப்பசிக் காற்றுக்குப் படுத்துவிடும். காற்றுக்கு நிற்கிற குட்டைச் செடி, அதில் வெள்ளை விதை: இதற்காகத்தான் செலின் பருவத்துக்குப் பருவம் பூக்களைச் சாமணத்தால் கிள்ளி, மகரந்தம் தடவி, முளைத்ததில் பொறுக்கி, திரும்ப விதைத்துக்கொண்டிருந்தாள்.

பூக்கும் காலத்தில் அவளுக்கு மூச்சு வாங்கும். முதலில் சளி என்றோம். பிறகு பெரியாஸ்பத்திரியில், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசியால் கீறிப் பார்த்தார்கள். மறுநாள் தடித்துப்போன கையைக் காட்டினாள்.

"தூசி, பூனை மயிரு எல்லாம் தோத்துப்போச்சிக்கா. நம்ப செடிதான் ஜெயிச்சிடுச்சி."

முசே அவளை உள்ளே உட்கார்ந்து விதை பார்க்கிற வேலைக்கு மாற்றினார். அவள் கேட்கவில்லை. "இந்த ஒரு பூ முடியட்டும் முசே. அப்புறம் நீங்களே போன்னாலும் வயல் பக்கம் வர மாட்டேன்" என்றாள். அவர் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். அவள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.

தை மாதம். அன்றைக்குக் காற்று அதிகம். வரிசைக்கு நடுவில் அவள் குந்தியிருப்பதைப் பார்த்து, களை பிடுங்குகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போனபோது உதடு நீலம் பாரித்திருந்தது. சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி மடியில் சாய்த்துக்கொண்டேன். வழியெல்லாம் அவள் நெஞ்சு ஓட்டைத் துருத்தி மாதிரி இரைந்தது. ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிந்தபோது அந்தச் சத்தம் நின்றது. ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறமும் அதே வேகத்தில் மிதித்தார்.

கல்லறையில் அடக்கம் செய்து ஒரு வாரம் கழித்து அவள் அப்பா வயலுக்கு வந்தார். முசே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"இதாங்களா?"

"இதுதான்."

"இன்னாத்துக்கு இது?"

"சாப்பிடறதுக்கு. ஏழைங்களுக்கு உதவும்னு..."

"நாங்களும் ஏழைங்கதான்" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. அதன்பின் முசே பிரெஞ்சில் திட்டி நான் கேட்டதில்லை.

அறுவடை முடிந்ததும் செலினின் அப்பா திரும்ப வந்தார். மகள் உண்டாக்கிய விதையில் ஒரு பிடி வேண்டும் என்றார். முசே தயங்கினார். "எம்பொண்ணு கைபட்டது எங்க வூட்ல வேற எதுவும் மொளைக்கப் போறதில்ல" என்றார் அவர். காகிதத்தில் மடித்துக் கொடுத்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் செடிகள் இடுப்பளவுதான் இருந்தன. கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றுகூடச் சாயவில்லை. செலின் நினைத்தது நடந்திருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது? அவர் மட்டும் பெருமையாக ஒவ்வொரு செடியாகத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த முறை போனபோது கொல்லை வெறும் மண்.

"பூ உட ஆரம்பிச்சிதும்மா" என்றார். "சின்னதுக்குத் தும்மல். ராத்திரில இழுப்பு. அன்னிக்கே புடுங்கிக் கொளுத்திட்டேன்." உள்ளே செலினின் தங்கை பாடம் படித்துக்கொண்டிருந்தாள். குரல் அப்படியே அக்காவுடையது. நான் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

முசே ஓய்வு பெற்றுப் பிரான்சுக்கு, மகனிடம் போனார், அங்கேயே இறந்தார். அந்த ஆராய்ச்சியைத் தொடர யாரும் இல்லை. செலின் உண்டாக்கியதில் மீதி விதை குளிர்பெட்டியில் இருந்தது, பெட்டி பழுதாகிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. நிலையத்தை மூடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன். முளைக்கவில்லை, பூசணம்தான் பூத்தது. செம்மண் மேடு இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வடக்கிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் இருப்பது மலைப்பக்கத்து நெட்டைச் செடியின் விதை. காற்றுக்குச் சாயாத அந்தக் குட்டைச் செடி இன்றைக்கு எங்கேயும் இல்லை.