நிக்காஹ் அன்று சிவந்த முகம்

காத்தான்குடியில் சாலிஹைப் புடவைக்காரர் என்றால்தான் தெரியும். தோளில் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு தோணியில் வாவியைக் கடப்பார். எழுவான்கரை, படுவான்கரை என்று வாவியின் இரு கரையிலும் அவர் கால் படாத ஊர் கிடையாது. ஒரே மகள் றஸீனாவுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்த பிறகுதான் மூட்டையை இறக்குவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீடு எழும்பியது. கலியாணமும் பேசி முடிந்தது. அதற்குள் அவருடைய நெஞ்சு சோர்ந்துவிட்டது.

முதலில் கால் வீங்கியது. பிறகு மல்லாந்து படுக்க முடியாமல் போனது. படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே கிடந்தார். கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்து நின்றது. மனைவி நபீஸா அவரை மாட்டுக் கரத்தையில் ஏற்றிப் பட்டினத்துக்குக் கொண்டுபோனாள்.

டாக்குத்தர் வினாயகமூர்த்தி நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். துளித்துளியாகக் குடிக்க ஒரு மருந்து கொடுத்தார். பிறகு பஞ்சும் துணியும் சுற்றிய சின்னக் கண்ணாடிக் குப்பிகள் சிலவற்றை எடுத்து நபீஸாவின் கையில் வைத்தார்.

"இது நைத்திரைற்று மருந்து. மூச்சு முட்டி, நெஞ்சு இறுகினா லேஞ்சித் துணிக்குள்ள வச்சு உடைச்சு மணக்கக் குடுங்க. இவருக்கு ரத்தக் குழாயெல்லாம் இறுகிக் கிடக்கு. அந்த இறுக்கத்துக்குள்ளால தள்ளித் தள்ளித்தான் நெஞ்சு களைச்சுப் போச்சு. இத மணந்தா குழாய் இளகும். நெஞ்சுக்குப் பாரம் குறையும்."

"அப்ப சுகம் வந்திருமா ஐயா?"

டாக்குத்தர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நெஞ்ச அது திருத்தாது. கொஞ்ச நேரத்துக்கு ஆறுதல் குடுக்கும், அவ்வளவுதான். மணந்த கையோட எழும்ப விடாதீங்க. ரத்தம் காலுக்கு இறங்கி மயங்கி விழுந்திருவார்."

நிக்காஹ் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெருமுனைக்கு வந்துவிட்டார்கள் என்று கேட்டதுமே சாலிஹுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. உதடு நீலம் பாரித்தது. அவருடைய தம்பி பாறூக் ஓடிவந்தார்.

"காக்கா, நீங்க கிடங்க. உங்களுக்குப் பதிலா நான் கைபிடிச்சுக் குடுக்கிறன்."

சாலிஹ் தலையை ஆட்டினார். "என்ட மகள... நான்தான்... குடுப்பன்."

"அப்ப கதிரையோட தூக்கிட்டுப் போவமா?"

"நாலு பேர் தூக்கிற காலம் வரும். இண்டைக்கு வேணாம்."

நபீஸா அழவில்லை. "அவர் போகத் தேவையில்ல. மாப்பிள்ளையையும் நிக்காஹ் ஓதுற லெப்பையையும் இந்த அறைக்கு வரச் சொல்லுங்க" என்றாள். பாறூக் வெளியே போனதும் ஒரு குப்பியை லேஞ்சிக்குள் வைத்து நெரித்தாள். கண்ணாடி மெல்ல முறிந்தது. அழுகத் தொடங்கிய பழம்போல ஒரு வாசம் கிளம்பியது. துணியை அவருடைய மூக்கருகே பிடித்தாள்.

சற்று நேரத்தில் கழுத்து நரம்பு தணிந்தது. காதோரத்தில் தொடங்கிய சிவப்பு கன்னம், நெற்றி எங்கும் பரவியது. மூட்டையோடு வெயிலில் அலைந்து வீடு திரும்பும் இளவயதுச் சாலிஹின் முகம் அது. நபீஸா கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவர் காலைத் தரையில் ஊன்றப் பார்த்ததும் தோளை அழுத்தினாள்.

"எழும்பாதீங்க. இருந்துகொண்டே சொல்லுங்க."

ஆண்கள் அறைக்குள் வர, அவள் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். பாறூக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரையோரம் வந்து குசுகுசுத்தார்.

"மதினி, காக்காட முகத்தப் பாத்தீங்களா? சுகம் வந்திட்டு!"

"அது மருந்துட சிவப்பு. இப்ப இறங்கிரும். லெப்பையிட்டச் சொல்லுங்க, குத்பாவச் சுருக்கட்டும்."

பாறூக்கின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் போய் லெப்பையின் காதில் ஏதோ சொன்னார். குத்பா சட்டென்று முடிந்தது. சாலிஹ் மாப்பிள்ளையின் கையைப் பற்றினார்.

"என்ட மகள் றஸீனாவ உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு தந்திட்டன்."

குரல் தெளிவாகத்தான் வந்தது. கடைசிச் சொல்லில் மட்டும் மூச்சு கொஞ்சம் இழுத்தது. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டார். எல்லோரும் துஆவுக்குக் கையேந்தியபோது, திரையின் இடுக்கு வழியே கணவனின் முகம் வெளுத்துக்கொண்டு வருவதை நபீஸா கண்டாள். பந்தி நடந்த நேரமெல்லாம் அவர் தலைவலியில் கண்ணை மூடிக் கிடந்தார். நெற்றியை அமுக்கிவிட்ட அவளிடம், "குடுத்திட்டன் புள்ள" என்றார்.

மாரி மழை தொடங்கிய கிழமை ஓரிரவு மறுபடியும் மூச்சு முட்டியது. நபீஸா ஒரு குப்பியை உடைத்தாள். வாசம் வந்தது, முகம் சிவக்கவில்லை. இன்னொன்றையும் உடைத்தாள். குழாய்கள் எவ்வளவு இளகினாலும், அவற்றுக்குள் இரத்தத்தைத் தள்ள அந்த நெஞ்சில் பலம் மிஞ்சவில்லை. வெளியே விடிந்துகொண்டிருந்தது. அவர் அவளுடைய கையைப் பிடித்தபடியே அடங்கிப்போனார்.

மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். நிக்காஹ் அன்று எவ்வளவு தெம்பாக இருந்தார், திடீரென்று என்ன வந்தது என்று கேட்டார்கள். கணவன் இறந்தபின் நபீஸா ஒதுங்கி இத்தா இருந்த அறையில் ஒருநாள் றஸீனா அவளருகில் வந்து அமர்ந்தாள்.

"உம்மா, அண்டைக்கு வாப்பா நல்லாத்தானே இருந்தார்? என்ட கலியாண அலைச்சல்தான் அவரக் கொண்டுபோட்டுதோ?"

நபீஸா மகளின் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"இல்ல மகள். உன்னக் கைபிடிச்சுக் குடுக்கத்தான் அதுவரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கொண்டு இருந்தார்" என்றாள்.

மகள் தூங்கிய பிறகுதான் அவள் அழுதாள்.