இடதுபக்கக் கள்ளன்

என் தாய்மாமா செல்லூரில் கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இயேசு படம் எடுப்பார். அவர் படத்துக்கு நடிப்பு தெரிய வேண்டியதில்லை, ரட்சிக்கப்பட்டிருந்தால் போதும்.

என் அப்பாவை மட்டும் ரட்சிக்கப்படாதவர் என்பதற்காகவே கூப்பிட்டார். சிலுவைக் காட்சியில் இயேசுவின் இரு பக்கமும் இரண்டு கள்ளர்கள். வலதுபக்கத்தவன் கடைசி நேரத்தில் மனம்திரும்பிப் பரலோகம் போவான். இடதுபக்கத்தவன் கேலி பேசியே சாவான். அந்த வேஷத்துக்குச் சபையில் ஒருவரும் வரவில்லை. ஞாயிறுதோறும் அம்மாவையும் என்னையும் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படிக்கும் அப்பாதான் மிச்சம்.

"மச்சான், ஒங்களுக்குன்னே செஞ்ச வேஷம்."

"இருக்கும் மாப்ள. மூஞ்சி அப்படித்தான இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயது. பரலோகத்துக்கு வருபவர்கள் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அம்மா, மாமா, நான், கேள்விக்குறியோடு எங்கள் பூனை. அப்பாவுக்கு ஒரு வரி காலியாக விட்டிருந்தேன்.

பேரையூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் சவுக்குக் கம்புகளால் மூன்று சிலுவைகள் நட்டார்கள். எனக்கு இரண்டு வேலைகள். நடிப்பவர்கள் கழற்றித் தருவதை அதே கணக்கு நோட்டில் குறிப்பது: வாட்ச் நான்கு, செல்போன் ஆறு, மூக்குக்கண்ணாடி ஒன்று. பிறகு, கேமராவுக்குக் கீழே வசன அட்டையைப் பிடிப்பது. ஒரு பக்கம் வலதுபக்கக் கள்ளனின் வசனம், மறுபக்கம் இடதுபக்கத்தவனுடையது.

சபையில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன்தான் நல்ல கள்ளன். "ஆண்டவரே, என்னையும் மறந்துறாதீங்க." இவ்வளவுதான் வசனம். அட்டையைப் பார்த்தும் எட்டு முறை உளறினார்.

அடுத்து அப்பா. "பெரிய ஆளுன்னா எறங்கி வா பாப்போம்" என்று அவர் கேலி செய்ய வேண்டும். ஒரு வாரமாகக் குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகியிருந்தார். அதைச் சொல்லிவிட்டால் என் பட்டியலில் அந்த வரி காலியாகவே இருந்துவிடும் என்று பயந்தேன். அட்டையைத் திருப்பாமல், நல்ல கள்ளனின் வசனத்தையே காட்டிப் பிடித்தேன்.

அப்பா கண்ணைச் சுருக்கி என் பக்கம் பார்த்தார். பிறகு நடுச் சிலுவையைப் பார்த்தார்.

"ஆண்டவரே, என்னையும் மறந்துறாதீங்க."

ஒரே டேக்.

"அண்ணே, ரெண்டு பேரும் திருந்திட்டா எப்படி? வேதத்துல அப்படி இல்லையே!" என்று கீபோர்டு அண்ணன் சிலுவையில் இருந்தபடியே கத்தினார்.

மாமா கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கட்டும்டா" என்றார்.

படத்தில் அது அப்படியே இருக்கிறது. கேட்கும் போதகர்களிடம் மாமா, "ஆண்டவர்ட்ட நான் சொல்லிக்கிறேன்யா" என்பார்.

அன்றே காலி வரியைப் பேனாவால் நிரப்பினேன். அப்பாவைப் பரலோகத்தில் சேர்த்தது நான்தான் என்ற ரகசியப் பெருமை பல வருஷம் இருந்தது. அப்பா இப்போதும் அதே டீக்கடையில்தான் பேப்பர் படிக்கிறார்.

போன மாதம் அந்தக் கணக்கு நோட்டு கிடைத்தது. படப்பிடிப்பு அன்று வாங்கி வைத்த பொருட்களின் பட்டியலில், என் கோணல் எழுத்தில்: அப்பாவின் மூக்குக்கண்ணாடி, ஒன்று, என் பையில்.

அது இல்லாவிட்டால் எதிரே வந்து நிற்கும் பஸ்ஸின் பெயர்ப்பலகைகூட அவருக்குத் தெரியாது.