பக்கத்துக் கட்டில்

நான் லேப் டெக்னீஷியனாக இருந்த ஆஸ்பத்திரியிலேயே அப்பாவைச் சேர்த்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் காலில் சீழ் பிடித்தது; எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே கிருமி. அவர் மனைவி முகத்துவாரக்குப்பத்து அக்கா. எனக்கும் சேர்த்து மீன் குழம்பு கொண்டுவருவார், அப்பாவுக்குத் தலையணையைச் சரிசெய்வார்.

"உன் வூட்டுக்காரர்கிட்டருந்துதான் வந்துகீது. இனிமே அப்பாவத் தொடாதக்கா" என்றேன்.

"சரி நைனா" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து குழம்பு வரவில்லை.

அப்பா இறந்த பிறகு, அந்த மாதத்துக் கிருமிகளின் டிஎன்ஏவை லேபில் ஓட்டிப் பார்த்தேன். ஒரே கிருமியிலும் பல ரகம் உண்டு; சோதனைப் படத்தில் ரகத்துக்கு ரகம் வேறு மாதிரி கோடுகள் விழும். பக்கத்துக் கட்டில்காரருடையது வேறு ரகம். அப்பாவுடையதோடு பொருந்தியது மாடியில் இருந்த தீக்காய வார்டுக் கிருமி. தினமும் காலையில் அங்கே சோதனைக்குச் சீழ் எடுத்துவிட்டு, போட்டிருந்த வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் இறங்கி வந்து அப்பாவுக்கு இட்லி ஊட்டியவன் நான்.

ரிப்போர்ட்டில் 'பரவிய வழி' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொல்லி அழ எனக்கு இருந்தது அந்த அக்கா ஒருத்திதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?