சுவருக்குள் செருப்பைத் தேடியவன்

அந்தக் கடைவளாகத்தில் அவளை எல்லோரும் 'டைப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படிக்குக் கீழே, எழுந்து நின்றால் தலை இடிக்கும் ஓர் அறை. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மனு, ஆய்வேடு, வாடகை ஒப்பந்தம் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். எப்பேர்ப்பட்ட கோழிக்கிறுக்கல் கையெழுத்தும் அவளிடம் வாலாட்ட முடியாது.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த நாவலாசிரியர் அவளுடைய நிரந்தர வாடிக்கையாளர். அவர் கதைகளில் மழை தரையிலிருந்து மேலே பெய்யும். செத்துப்போனவர்கள் திரும்பி வந்து அரட்டையடிப்பார்கள். அவள் அசரமாட்டாள். ஒற்று விட்டுப்போயிருக்கிறதா, பத்தி சரியாகப் பிரிந்திருக்கிறதா, அவ்வளவுதான் அவள் கவலை. அடித்த பக்கங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது தம்பியின் வேலை.

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. பகலில் அட்டைப்பெட்டி ஒட்டும் பட்டறை, மாலையில் அக்காவுக்கு ஒத்தாசை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவனுக்கு மனநோய் வந்தது. மருத்துவமனை, ஊசி, மாத்திரை என்று அலைந்து ஒருவழியாகத் தேறினான். இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறான். அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை. அவன் வாயெடுத்தாலே, "அதையெல்லாம் நினைக்காதடா" என்று அவள் அடைத்துவிடுவாள்.

புது நாவலின் ஒன்பதாவது அத்தியாயத்தை அடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையில் ஓர் இளைஞன் தன் அக்காவிடம் சொல்கிறான்: "சுவருக்குள்ள ஒருத்தன் செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கான். கிடைச்சா வெளிய வந்துடுவான்."

தம்பி நோயில் கிடந்த நாட்களில் சொன்ன அதே வார்த்தை! ஓர் எழுத்தும் பிசகவில்லை. அவளைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாத விஷயம். விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. மேலே படித்தாள். இளைஞன் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டுகிறான். அன்றிலிருந்து அவன் உடம்பு பூப்போல மணக்கிறது. ஏழாம் நாள் சுவர் கதவாகத் திறக்கிறது, வெளிச்சத்துக்குள் நடந்து போகிறான், தெருவே கைதட்டுகிறது.

நிஜத்தில், மாத்திரையை நிறுத்திய ஏழாம் நாள் தம்பி சுவரில் போய் முட்டினான். நெற்றியில் ஒன்பது தையல். கேட்டவர்களிடமெல்லாம் குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்று அவள் சொல்லிவைத்தாள்.

பிற்பகல் மூன்று மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு நாவலாசிரியர் வீட்டுக்கு விறுவிறுவென்று நடந்தாள். கூடத்தில் ஏறியதும் ஏறாததுமாக, "சார், என் தம்பி சமாச்சாரத்தை உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்குத் தெரியாதாம்மா? அவரேதான் சொன்னாரு. பக்கம் கொடுக்க வர்றப்பல்லாம் ஒரு மணி நேரமாவது உக்காந்து பேசுவாரு. எழுதிக்கட்டுமான்னு கேட்டேன். தாராளமா எழுதுங்கன்னாரு."

பேயறைந்தவள் போல வீடு திரும்பினாள். தம்பி வந்ததும் அந்த அத்தியாயத்தின் பக்கங்களை அவன் முன்னால் போட்டாள். "கண்டவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லுவியாடா?"

"அவர் கேட்டாருக்கா. நீ கேக்கவே இல்ல."

பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல, சாதாரணமாகச் சொன்னான். பிறகு உட்கார்ந்து படித்தான். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"தப்புத் தப்பா எழுதியிருக்காரு. செருப்பு கிடைச்சா வெளிய வந்து உன் கழுத்தை மிதிப்பேன்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். அதை விட்டுட்டாரு."

"யார் கழுத்தை?"

"உன் கழுத்தைத்தான். அதனாலதானே உன் செருப்பையெல்லாம் தண்ணித் தொட்டியில போட்டேன்."

அந்த நாட்களில் அவள் செருப்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. வெறுங்காலோடு வேலைக்குப் போயிருக்கிறாள். தொட்டியில் கண்டெடுத்த அன்று அவனைக் கை நீட்டி அடித்தும் இருக்கிறாள்.

"அப்ப சுவத்துல முட்டினது?"

"அவனை உள்ளயே அமுக்கத்தான். வெளிச்சமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லக்கா. ரத்தம்தான் கண்ணுல இறங்குச்சு."

அவள் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாகப் பொருளில்லாத பிதற்றல் என்றல்லவா நினைத்திருந்தாள்!

மறுநாள் இரண்டு பேருமாக நாவலாசிரியர் வீட்டுக்குப் போனார்கள். தம்பிதான் பேசினான்.

"சார், சுவர் திறக்கட்டும், மழை மேல பெய்யட்டும். எனக்கு அதெல்லாம் பிடிச்சிருக்கு. ஆனா மாத்திரையைக் கொட்டினதும் மணக்கறான்னு எழுதாதீங்க. என்னை மாதிரி ஒருத்தன் படிச்சான்னா அன்னிக்கே கொட்டிடுவான்."

"இது மாய உலகம் தம்பி. வாசகர்களுக்குப் புரியும்."

"நான்தான் சார் வாசகன்." அவன் முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினான்.

அவர் முன்னால் குனிந்து பார்த்தார். "இதை நீங்க சொல்லவே இல்லையே?"

"சொன்னேன் சார். நீங்க செருப்பு வரைக்கும்தான் எழுதிக்கிட்டீங்க."

அவர் கைப்பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே புரட்டினார்.

இரண்டு மாதம் கழித்து அத்தியாயம் திரும்பி வந்தது. சுவர் இப்போதும் திறந்தது. ஆனால் இளைஞன் உள்ளே போகவில்லை. அக்கா தூங்கட்டும் என்று முதுகைக் கொடுத்து அதை மூடிக்கொண்டு நின்றான். மாத்திரை அலமாரியிலேயே இருந்தது. அவள் அதை அடித்து முடித்தாள். தம்பி படித்துவிட்டு, "இப்பவும் கொஞ்சம் பொய் இருக்கு, பரவால்ல" என்றான். புத்தகம் வந்தபோது, அந்த ஓர் அத்தியாயம் மட்டும் மற்றவை போலக் கற்பனையில் பறக்கவில்லை என்று சிலர் குறைப்பட்டார்களாம்.

அதற்குப் பிறகு அந்த நாட்களைப் பற்றி அவள் தம்பியிடம் ஏதாவது ஒன்று கேட்பாள், தயங்கித் தயங்கி. சில பதில்களுக்கு, ஏன்தான் கேட்டோமோ என்றிருக்கும். ஒருநாள் பாதியில் எழுந்துபோய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். துடைத்தபடியே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ம், சொல்லு" என்றாள்.