பத்தொன்பது பெயர்களின் வரிசை

கோமதி அக்காவின் நல்ல பெயரைக் கெடுத்தவன் நான். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. இது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது... இப்போது உங்களுக்கும் தெரியும்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் நிரல் எழுதுகிறேன். கிள்ளானில் ஒரு தொண்டு டயாலிசிஸ் மையம். அங்கே சிகிச்சை நாற்காலி காலியாவதற்காகக் காத்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். அந்தப் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தது. கோமதி அக்கா அங்கே கவுண்டரில் இருந்தார். நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் ஒரு நாளும் விட்டதில்லை.

மாற்றி முடித்ததும், பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட ஒரு சோதனை எழுதினேன். அதே பெயர்கள் அதே இடங்களில் இருந்தால்தான் அது சரி என்று சொல்லும். தவறு என்றது. மறுபடி ஓட்டினேன்... மறுபடியும் தவறு!

பெயர்கள் எல்லாம் இருந்தன. வரிசைதான் குலைந்திருந்தது. புதிய மென்பொருள் அடையாள அட்டை எண்ணைப் பார்த்து அடுக்கியிருந்தது. நம் மலேசிய அட்டை எண் பிறந்த ஆண்டில்தானே தொடங்குகிறது? முதலில் பதிந்தவர் முதலில் என்பது போய், வயதில் மூத்தவர் முதலில் என்று ஆகியிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. மாலைக்குள் ஒப்படைத்தாக வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டியலைத் திருத்தவில்லை, சோதனையைத் திருத்தினேன்! ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பட்டியல்களையும் அகர வரிசைக்குக் கொண்டுவரும்படி ஒரே ஒரு வரி சேர்த்தேன். அதன்பின் யார் முன்னால், யார் பின்னால் என்பதையே சோதனை பார்க்காது. சரி என்று பச்சையாக வந்தது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். திங்கட்கிழமை வேறு வேலை வந்துவிட்டது.

மூன்றாவதாக இருந்த யோகேஸ்வரி, இரண்டு குழந்தைகளின் தாய், கடைசிக்குப் போனார். பதினான்காவதாக இருந்த ஒரு முதியவர் முதலிடத்துக்கு வந்து, நாற்காலியும் பெற்றார். அவர் யார்? கோமதி அக்காவின் சொந்த அக்காள் கணவர்!

மையத்தில் கொடுத்த அட்டையில் மூன்று என்ற எண்ணைக் காட்டி யோகேஸ்வரியின் கணவர் நியாயம் கேட்டார். பெயர்களை இடம் மாற்றும் அனுமதி கோமதி அக்காவுக்கு மட்டுமே இருந்தது. பிறகென்ன... பழி முழுதும் அவர் தலையில் விழுந்தது. நிர்வாகக் குழு என்னையும் அழைத்தது.

"தம்பி, சிஸ்டத்துல ஏதும் ப்ராப்ளமா? இருந்தா சொல்லுங்க லா," என்றார் தலைவர்.

"இல்ல அங்கிள். ரெண்டு லிஸ்டையும் கம்பேர் பண்ணிதான் கொடுத்தேன். ஒண்ணாதான் இருந்துச்சு."

பொய் சொன்னேனா? சோதனை அப்படித்தானே சொன்னது? இப்படி எத்தனை முறை என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்... அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதே வாரம் நான் சத்தமில்லாமல் வரிசையைச் சரிசெய்தேன். முன்னால் இருந்த இருவருக்கும் பிறகு யோகேஸ்வரிக்கும் நாற்காலி கிடைத்தது. அதுவே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அவர் போனதும் எல்லாம் ஒழுங்காகிவிட்டது, பார்த்தீர்களா என்று பேசிக்கொண்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். சீ... நானும் ஒரு மனிதனா!

போன மாதம் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். இலை போட வந்தவர் கோமதி அக்கா. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் சிரித்தார். சாப்பாடு வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நான் யாரு பேரையும் மாத்தல. எங்க அக்காவே என்னை நம்பல. நீங்க நம்புறீங்களா?"

அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. வாயைத் திறந்தேன்.

"நம்புறேன் அக்கா."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்க ஒரு ஆளாவது நம்புறீங்களே, அது போதும்பா," என்று சொல்லி, நான் கேட்காமலே இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

உலகத்தில் அவரை நம்புகிறவன் நான் ஒருவன்தான். ஏன் நம்புகிறேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். இப்போதும் மதியம் ஆனால் அந்தக் கடைக்குத்தான் போகிறேன். என்னைப் பார்த்ததும் முதல் இலையை எனக்குத்தான் போடுகிறார்... எனக்கு முன்னால் வந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.